சாலமோனின் கப்பல் – 9: கொடுமணல் சொல்லும் சாட்சி

சென்ற வாரம் கால்டுவெல்லோடு இடையன்குடியில் நிறுத்தியிருந்தோம். சாலமோன் அரசனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன்னும் வெள்ளியும் தந்தமும் குரங்கும் ஏற்றி வந்ததாக விவிலியத்தின் அரசர் வரலாறு சொல்கிறது. கூடவே வந்திறங்கிய மயில்களை எபிரேய மொழி ‘துக்கி’ என்கிறது. அது நம் தோகைதான் என்று தம் ஒப்பிலக்கண நூலில் எழுதி வைத்துவிட்டுப் போனார் கால்டுவெல்.

அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் அந்த ஒற்றைத் தோகையை வைத்துக்கொண்டே நாம் காலம் தள்ளினோம். மேடைகளில் முழங்கினோம், மலர்களில் எழுதினோம். மேற்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்க ஆள் இல்லை.

எடுத்து வைத்தவர் தமிழரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. எருசலேமில் எபிரேயம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு யூதப் பேராசிரியர்.

*

ஹாயிம் ராபின் 1915இல் ஜெர்மனியின் கீஸன் நகரில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்து, ஆக்ஸ்போர்டில் பாடம் நடத்தியவர். பழைய மேற்கு அரேபியாவின் வட்டார வழக்குகளை ஆராய்ந்து 1951இல் அவர் எழுதிய நூல் இன்றைக்கும் அந்தத் துறையில் கைப்புத்தகம் மாதிரி. சாக்கடல் குகைகளில் தோற்சுருள்கள் கிடைத்தபோது அதிலும் இறங்கினார். 1956 முதல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

அரேபியாவை அறிந்தவர் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எருசலேமிலிருந்து தமிழகம் வர நடுவில் இருப்பது அரேபியாதான். விவிலியம் மட்டும் படித்தவர்களுக்கு அந்த நடுப்பாதை கண்ணில் படவில்லை. தமிழ் மட்டும் படித்தவர்களுக்கும் படவில்லை.

1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அண்ணா முதலமைச்சர். கடற்கரையில் சிலைகள், தெருவெல்லாம் ஊர்வலம், ஊரே தேர்த் திருவிழா கண்டது. ஆய்வரங்கக் கட்டுரைகளைப் பற்றி அன்றைக்குத் தெருவில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அந்தக் கட்டுரைத் தொகுதி 1971இல் அச்சாகி வந்தது. அதில் ராபினின் கட்டுரை இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய ஆயிரமாண்டில் தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் வணிகம் நடந்தது, அதற்கு எபிரேய விவிலியத்துக் கடன்சொற்களே சான்று என்பது அவர் கட்சி. தோகைக்குத் துணையாக அகிலும் வேறு சில சொற்களும் சேர்ந்தன.

சொற்களோடு அவர் நின்றிருந்தால் இந்த வாரத்துக்கு வேலையே இல்லை. ஐந்தாண்டு கழித்து, 1973இல், ராபின் ஒரு பெரிய தாவு தாவினார்.

*

விவிலியத்தில் ‘உன்னதப்பாட்டு’ என்று ஒரு சிறு நூல் உண்டு. எட்டே அதிகாரம். சட்டம் இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை, போர் இல்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் நினைத்து உருகுகிறார்கள், அவ்வளவுதான். இதைப் புனித நூல் வரிசையில் வைக்கலாமா என்று யூத ரபிகளுக்குள்ளேயே வழக்கு நடந்தது. மற்ற எழுத்துகள் தூயவை என்றால் இது தூயவற்றுள் தூயது என்று ரபி அகீவா அடித்துச் சொல்ல, நூல் தப்பியது. அவன் கடவுள், அவள் இஸ்ரவேல் என்று பொருள் சொன்னார்கள். பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் அவளைத் திருச்சபை ஆக்கினார்கள். அகத்திணைத் தலைவியை ஆழ்வார்கள் திருமாலுக்கு நேர்ந்துவிட்டதைப் படித்த நமக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ராபினுக்கு ஆச்சரியம் வேறிடத்தில்.

அந்த நூலில் பெரும்பாலும் பேசுவது பெண். ஆசையை முதலில் சொல்பவளும் அவளே. இரவில் எழுந்து தெருவில் அவனைத் தேடி அலைபவளும் அவளே. அவன் வந்தால் வருகிறான், போனால் போகிறான். காத்திருப்பும் ஏக்கமும் அவள் பங்கு. அவளைச் சுற்றி ‘எருசலேமின் குமாரத்திகள்’ என்று ஒரு தோழியர் கூட்டம். பிறகு மழை ஓய்ந்து, பூ பூத்து, புறா கூவும் பருவம். நிலமும் காதலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகின்றன.

பழைய மேற்காசிய இலக்கியத்தில் இதற்கு இணை எங்கே என்று தேடிய ராபின், கடைசியில் குறுந்தொகை இருக்கும் பக்கம் வந்து சேர்ந்தார். ‘உன்னதப்பாட்டும் தமிழ்க் கவிதையும்’ என்ற அந்தக் கட்டுரை கனடாவின் சமய ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. சாலமோன் காலத்தில் யூதேயாவின் வணிகம் தென் அரேபியா வரைக்கும் அதற்கு அப்பாலும் போனது. அந்தச் சாம்பிராணிப் பாதையில் போய்வந்த ஒருவர், தமிழ்க் காதல் பாட்டைக் காதால் கேட்டவர், ஊர் திரும்பி எபிரேயத்தில் பாடியதே உன்னதப்பாட்டு. இதுதான் ராபினின் துணிபு.

நினைத்துப் பார்க்கவே சுகமாக இருக்கிறது. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் வருகிறது.

*

எதிர்ப்பு வராமல் இல்லை. அதே இதழில் 1979இல் பீட்டர் கிரெய்கி மறுப்பு எழுதினார். காதல் உலகெங்கும் உள்ளது. இரண்டு ஊர்ப் பாட்டு ஒன்றுபோல் இருந்தால் ஒருவர் மற்றவரிடம் கேட்டுத்தான் பாடியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

எகிப்து இன்னொரு முட்டுக்கட்டை. கி.மு. 13, 12ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடுகளில் காதல் பாட்டுகள் இருக்கின்றன. அங்கும் பெண் பேசுகிறாள், அங்கும் தோட்டமும் பூவும் வருகின்றன. எருசலேமுக்கு எகிப்து பக்கத்து வீடு. மைக்கேல் ஃபாக்ஸ் 1985இல் இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒரு பெரிய நூலே எழுதினார்.

தமிழ் தெரிந்த ஒருவர் இந்த வழக்கில் நுழைந்தது 1988இல். ஆபிரகாம் மரியசெல்வம் எழுதிய, உன்னதப்பாட்டையும் பழந்தமிழ்க் காதற்பாக்களையும் ஒப்பிடும் நூலை ரோமின் திருத்தந்தை விவிலியக் கழகம் தன் ஆய்வு வரிசையில் வெளியிட்டது. கவிதையும் குறியீடுமே அவருடைய பொருள். திணையும் துறையும் உள்ளிருந்து தெரிந்த ஒருவர் எபிரேய மூலத்தோடு மல்லுக்கட்டியது அதுவே பெரிய அளவில் முதல் முறை. நம் ஊர்த் தமிழ்த் துறைகளில் அந்த நூலைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது என் வருத்தம்.

ஆனால் கிரெய்கியும் ஃபாக்ஸும் எழுப்பியதைவிடப் பெரிய சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. சாலமோன் கி.மு. 10ஆம் நூற்றாண்டு. சங்கப் பாடல்களை எவ்வளவு பின்னோக்கி இழுத்தாலும் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கு மேல் இழுப்பது கடினம். நடுவில் ஏழு நூற்றாண்டுப் பள்ளம். எழுதப்படாத வாய்மொழி மரபு முன்பே இருந்தது என்று சொல்லலாம். சொல்லலாம்தான், காட்ட முடியாது.

சொல்லும் பாட்டும் இவ்வளவு தூரம்தான் வரும். இதற்கு மேல் மண்தான் பேச வேண்டும்.

*

சென்னிமலையிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் நொய்யலின் வடகரையில் கொடுமணல். ஈரோடு மாவட்டம். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் ‘கொடுமணம்’ என்று பாடி, அந்த ஊர் அணிகலன்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். சேர நாட்டு முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போகும் வழியில் இருக்கிறது.

1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே குழி போட்டது. எ. சுப்பராயலுவும் அவரோடு கா. ராஜனும். பின்னர் 2012, 2013இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ராஜன் மீண்டும் வந்து தோண்டினார்.

கிடைத்தது அரண்மனை அல்ல. பட்டறை.

இரும்பு உருக்கிய உலைகள். தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள், நூற்றுக்கணக்கில். ஒரே ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, மணி செய்யும் தொழிலின் ஒவ்வொரு படியும் அப்படியே மண்ணுக்குள் கிடந்தது. உடைக்காத மூலக் கல், தட்டிச் செதுக்கிய துண்டு, தேய்த்து வழவழப்பாக்கியும் துளை போடாத மணி, துளையிட்ட மணி, வேலை கெட்டு வீசிய மணி, சில்லு சில்லாகக் கழிவு. வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் திரும்பி வராதது போல.

கல் எங்கிருந்து வந்தது? நீலக்கல் சிவன்மலையிலிருந்து. பளிங்கு வெங்கமேடு, அரசம்பாளையம் பக்கமிருந்து. சூதுபவளம் குஜராத்திலிருந்து. பெரில் என்று புவியியலார் சொல்லும் கடல்பச்சைக் கல், காங்கேயத்தை ஒட்டிய படியூரிலிருந்து. மாட்டு வண்டியில் காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் கொடுமணல் போய்ச் சேரலாம்.

படியூர்க் கல்லை இன்னும் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். பெரில் மண்ணிலேயே ஆறு பட்டைத் தூணாக விளைவது. கடினத்தில் பளிங்கை மிஞ்சும். பளிங்கைத் தேய்க்கும் பொடியால் இதைத் தேய்க்க முடியாது, குருந்தம் போல இன்னும் கடினமான கல் வேண்டும். அந்தக் குருந்த இனத்து நீலக்கல்தான் பக்கத்திலேயே சிவன்மலையில் கிடைக்கிறது. தொழில் ஏன் இந்த மண்ணில் நிலைத்தது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் சுரங்கம் போட்டுக் கல் எடுத்தார். பிறகு தண்ணீர் சூழ்ந்து கைவிடப்பட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கத்துக் காடுகளில் வெங்கச்சாங்கல்லுக்கு நடுவே மழை விட்டதும் பளபளப்பது என்னவென்று குனிந்து பார்க்கிறவர்கள் உண்டு.

உரோமானிய எழுத்தாளர் பிளினி இந்தக் கல்லைப் பற்றிச் சொல்வது வேடிக்கையானது. பெரில் இந்தியாவில் விளைவது, வேறிடத்தில் அரிது. இந்தியருக்கு நீள மணிதான் பிடிக்கும், அதைப் பொன்னில் பதிக்காமல் யானை மயிரில் கோர்த்துக்கொள்கிறார்கள். இதோடு இன்னொன்றும் சொல்கிறார். பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலிக் கல் செய்வதிலும் இந்தியர் கெட்டிக்காரர்களாம். காங்கேயத்துக் கல் வியாபாரிகள் மன்னிக்க.

*

இப்போது கதை எருசலேம் ஆலயத்துக்குள் போகிறது.

இஸ்ரவேலின் தலைமைக் குரு சந்நிதிக்குள் நுழையும்போது மார்பில் ஒரு பதக்கம் அணிய வேண்டும் என்கிறது யாத்திராகமம் 28ஆம் அதிகாரம். சதுரத் துணி. அதில் நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று கல், ஆகப் பன்னிரண்டு. ஒவ்வொரு கல்லிலும் ஒரு குலத்தின் பெயர், முத்திரை வெட்டுவது போல் வெட்டியிருக்க வேண்டும். நம் தமிழ் விவிலியம் நான்காம் வரிசையின் முதல் கல்லைப் படிகப்பச்சை என்கிறது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அதைப் பெரில் என்று அறிவார்கள்.

பதக்கத்தின் மடிப்புக்குள் ஊரீம், தும்மீம் என்று இரண்டு பொருள்கள். போருக்குப் போகலாமா, குற்றவாளி யார் என்று கடவுளிடம் கேட்டு விடை வாங்க அவை பயன்பட்டன. அவை எப்படி இருந்தன என்று விவிலியம் சொல்வதில்லை. மேற்கத்திய அறிஞர்கள் இதைப் புரிந்துகொள்ள ஏகப்பட்ட பக்கம் செலவழித்திருக்கிறார்கள். சிவன்மலை முருகன் கோயிலின் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பார்த்த கொங்குக்காரருக்கு அரை நிமிடம் போதும். பக்தர் ஒருவர் கனவில் ஒரு பொருள் வரும். கோயிலுக்கு வந்து சொல்வார். பூப்போட்டுப் பார்ப்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், அடுத்த உத்தரவு வரும் வரை அங்கேயே இருக்கும். கடவுளிடம் கேள்வி கேட்டு ஒரு பொருளின் வழியாகப் பதில் வாங்கும் பழக்கம் கற்காலத்து மிச்சம் அல்ல, போன வாரமும் காங்கேயத்தில் நடந்தது.

கொடுமணலுக்கு நீலக்கல் போனதும் அதே சிவன்மலையிலிருந்துதான். எருசலேம் குருவின் மார்பில் இருந்தது கொங்குக் கல்லா என்ற ஆசை இங்கே யாருக்கும் எழும்.

ஆசைக்கு முதல் அடி இஸ்ரேல் மண்ணிலேயே விழுகிறது. சாலமோன் காலத்தையும் அதை ஒட்டிய நூற்றாண்டுகளையும் சேர்ந்த முத்திரைகள் அங்கே நிறையக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் சுண்ணாம்புக் கல், சூதுபவளம், ஜாஸ்பர் போன்றவை. படியூர்க் கல் போன்ற கடினக் கல்லில் பெயர் வெட்டும் வேலை அந்தக் கூட்டத்தில் காணவில்லை. இரண்டாம் அடி இந்தப் பக்கம். கொடுமணலின் கீழ் அடுக்குகளுக்குக் கரிமக் கணக்கு கொடுக்கும் காலம் ஏறத்தாழ கி.மு. 5ஆம் நூற்றாண்டு. பட்டறை முழு வேகத்தில் ஓடியது அதற்கும் பிறகு. சாலமோனுக்கு அங்கே சரக்கு இல்லை.

வழக்கு தள்ளுபடி என்று எழுந்து போக வேண்டியதுதான். இங்கேதான் ஒரு ஜெர்மானியர் குறுக்கே வருகிறார்.

*

யூலியுஸ் வெல்ஹவுசன். கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர். 1878இல் அவர் வெளியிட்ட இஸ்ரவேல் வரலாறு ஐரோப்பிய விவிலியப் படிப்பையே புரட்டிப் போட்டது. மோசேயின் ஐந்து நூல்களும் மோசே எழுதியவை அல்ல, நான்கு தனித்தனி இழைகளைப் பின்னாளில் முறுக்கிச் சேர்த்தவை என்றார். அவற்றில் கூடாரம், பலிமுறை, குருக்களின் உடை எல்லாம் சொல்லும் இழை குருக்கள் எழுதியது. அதுவே எல்லாவற்றிலும் கடைசி என்றார். எருசலேம் எரிந்து, மக்கள் பாபிலோனுக்குச் சிறை போனதற்குப் பிந்தையது. கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டு.

1882இல் அவரே இறையியல் பதவியைத் துறந்தார். தம் பாடத்தைக் கேட்கும் மாணவர்கள் சபைப் பணிக்குத் தகுதி இழந்துபோகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அப்படி ஒரு நேர்மை.

வெல்ஹவுசன் சொன்ன காலத்தை எல்லோரும் ஏற்கவில்லை. எருசலேமின் எஹெஸ்கேல் கௌஃப்மன் போன்றவர்கள் அந்தக் குருக்கள் இழை சிறைவாசத்துக்கு முந்தையது என்று கடைசிவரை வாதாடினார்கள். ஆனாலும் அறிஞர்களில் பெரும்பான்மை இன்றும் வெல்ஹவுசன் பக்கம்தான்.

மார்ப்பதக்கம் வரும் அதிகாரம் அந்தக் குருக்கள் இழையைச் சேர்ந்தது.

உன்னதப்பாட்டுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. அதன் நான்காம் அதிகாரத்தில் தோட்டத்துக்கு வரும் சொல் பாரசீகச் சொல். பாரசீகர் எருசலேமை ஆள வந்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆகவே நூல் இன்றுள்ள வடிவம் சாலமோனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது, கி.மு. 4 அல்லது 3ஆம் நூற்றாண்டு என்பார் பலர்.

இதன் பொருள் என்ன? ராபின் பத்தாம் நூற்றாண்டில் கொண்டுபோய்க் கட்டிய பாட்டும், மோசே காலத்ததாக நாம் நினைத்த பதக்கமும் தாமாகவே நகர்ந்து கொடுமணலின் காலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. விவிலியத்தின் தொன்மையைக் குறைத்தவர் என்று திட்டு வாங்கிய வெல்ஹவுசன்தான் ஏழு நூற்றாண்டுப் பள்ளத்தைத் தூர்த்துவிட்டார். தமிழ் மேடைகளில் சாலமோன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. சாலமோனை விட்டுக்கொடுத்தால்தான் கொங்கு கைக்கு வரும்.

*

காலம் பொருந்துகிறது. கல் போனதா?

அலெக்சாந்திரியாவுக்கு வருவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அங்கே குடியேறிய யூதர்களுக்கு எபிரேயம் மறந்துகொண்டிருந்தது. மோசேயின் நூல்கள் கிரேக்கத்துக்கு மாற்றப்பட்டன. இரண்டாம் தாலமி எழுபத்திரண்டு அறிஞர்களை வரவழைத்து இதைச் செய்வித்தான் என்று ஒரு பழங்கதை உண்டு. கதையைத் தள்ளிவிடலாம், மொழிபெயர்ப்பு உண்மை.

அதில் மார்ப்பதக்கத்தின் நான்காம் வரிசைக்கு வந்ததும் ‘பெரில்லியோன்’ என்று எழுதியிருக்கிறார்கள். கிரேக்கர் அந்தப் பெயரை எடுத்ததே இந்தியப் பக்கமிருந்துதான். பிராகிருதத்தில் ‘வேளுரிய’. எபிரேயக் குரு மனத்தில் எந்தக் கல்லை வைத்து எழுதினாரோ தெரியாது. அலெக்சாந்திரியாவில் அதைப் பெயர்த்தவரின் மனத்தில் ஓர் இந்தியக் கல் இருந்தது.

அதே இரண்டாம் தாலமிதான் கி.மு. 275 வாக்கில் செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்தை அமைத்து, அதற்குத் தாயின் பெயரை வைத்தவன். பின்னாளில் உரோமானியர் காலத்தில் அந்தத் துறைமுகத்துக் கோயிலில் இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழி எழுத்துள்ள பானை ஓடும் கிடைத்தது.

இங்கே என் அவசரத்துக்கு நானே கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த 522 உரோமானிய வெள்ளிக் காசுகளும், உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946இல் கிடைத்த 1,398 காசுகளும் கொங்குக்கும் மேற்குக்கும் நடந்த வணிகத்தை அடித்துச் சொல்கின்றன. ஆனால் அவை கிறிஸ்துவுக்குப் பிந்திய புதையல்கள். அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்புக்கு மூன்று நூற்றாண்டு தாமதம். பருவக்காற்றைப் பிடித்து எகிப்தியக் கப்பல் நேராக இந்தியாவுக்கு வரத் தொடங்கியதே கி.மு. 118 வாக்கில். பெரிலும் படியூரில் மட்டுமே விளைவதில்லை. மைசூர்ப் பக்கத்துப் புன்னாட்டைத் தாலமி என்ற புவியியலாளரே குறிப்பிடுகிறார்.

ஆகவே என் தீர்ப்பு இவ்வளவுதான். சாலமோனின் ஆலயத்தில் கொங்குக் கல் இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து மார்ப்பதக்கத்தைக் கிரேக்கமாக்கியவர், கொங்கிலோ அதன் அண்டையிலோ எடுத்த கல்லைக் கண்ணால் பார்த்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ராபினின் கவிஞர் தமிழ்ப் பாட்டைக் கேட்டாரா என்பதற்கு விடை இல்லை. ஆனால் அவர் காலத்தைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்கு இறக்கினால், கேட்டிருக்க முடியாது என்று சொல்வது பழையபடி எளிதல்ல.

*

இதோடு முடித்துவிட்டிருப்பேன். 2020 டிசம்பரில் வந்த ஓர் ஆய்வு விடவில்லை.

இஸ்ரேலின் வடக்கே மெகித்தோ. சாலமோன் கோட்டை கட்டியதாக விவிலியம் சொல்லும் ஊர். அங்கே புதைக்கப்பட்ட பழங்கால மனிதர்களின் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி, ஃபிலிப் ஸ்டாக்ஹாமர் தலைமையிலான குழு அதில் சிக்கியிருந்த உணவுத் துகள்களையும் புரதங்களையும் சோதித்தது. ஒருவர் பல்லில் மஞ்சள் இருந்தது. ஆம், குழம்பில் போடும் மஞ்சள். சாலமோனுக்குச் சுமார் ஐந்நூறு ஆண்டு முன்னே, கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் நடுவில் செத்துப்போன மனிதர் அவர். தெல் எரானி என்ற இன்னோர் ஊரில், கி.மு. 11ஆம் நூற்றாண்டு மனிதர் பல்லில் வாழைப்பழம்.

அதற்கு ஏழாண்டு முன், 2013இல், ஃபினீசியரின் சிறு குடுவைகள் 27ஐ வேதியியல் முறையில் சோதித்தபோது பத்தில் பட்டையின் சத்து தெரிந்தது. அந்தக் குடுவைகளின் காலம் சாலமோன் காலமேதான். சாலமோனுக்குக் கப்பலோட்டியவர்கள் என்று விவிலியம் சொல்வதும் ஃபினீசியரைத்தான்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெகித்தோ மனிதர் தின்றது ஈரோட்டு மஞ்சள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மஞ்சள் இந்தியாவில் பல இடத்தில் விளையும், பல்லில் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. ஆனால் சரக்கு போயிருக்கிறது. கொடுமணலில் முதல் உலை மூட்டுவதற்குப் பல நூற்றாண்டு முன்னே போயிருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் ஆள் இல்லாமலும் இல்லை. கொங்கின் வடகிழக்கு வாசலில், கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில், இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

சரக்கு இருக்கிறது, வாங்கியவர் இருக்கிறார், அனுப்பியிருக்கக்கூடிய மண்ணும் இருக்கிறது. நடுவில் கைமாற்றியது யார்? ராபின் சொன்ன தென் அரேபியர்களா, அல்லது இங்கிருந்தே கப்பல் ஏறிய யாராவதா?

ஓமானின் கோர் ரோரியில், சாம்பிராணி ஏற்றிய பழைய துறைமுகத்தில், 2006இல் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழியில் ‘கீரன்’ என்று முடியும் ஒரு பெயர் கீறியிருக்கிறது. அந்தக் கீரன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? அடுத்த வாரம் பார்ப்போம்.